எட்டுப் பங்குச் சாவி

மஞ்சள் தண்ணீர் தெளித்தால் வீட்டுக்கு நல்லது, மாட்டுக்கு நல்லது, லேப்டாப்புக்கு நல்லதில்லை. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்றுதான் ஜூன் பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணி வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் குந்தவை. மயிலாடுதுறை பட்டமங்கலத் தெருவில், ஒரு ஜவுளிக்கடை மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. வேலை சுத்தம், வாய் நீளம் என்று ஊரில் பெயர். இரண்டையும் நான் மறுத்ததில்லை. எனக்கு வரும் லேப்டாப்புகளில் பாதி விவசாயக் குடும்பங்களுடையவை. அறுவடை முடிந்து வருகிறவற்றைத் திறந்தால் விசிறிக்குள் ஒரு கைப்பிடி பதர் இருக்கும். அதையெல்லாம் பார்த்துப் பழகிய கண்தான். ஆனால் விசைகளுக்கு நடுவே சந்தனமும், மூடியின் மேல் மூன்று குங்குமப் பொட்டும், ஓரத்தில் ஒட்டிய வேப்பிலையுமாக ஒரு லேப்டாப் வந்தது அன்றைக்குத்தான்.

கொண்டுவந்தவர்கள் மலர்கொடி அக்காவும் அவர் வீட்டுக்காரர் மாரியப்பன் அண்ணனும். தரங்கம்பாடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள். சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார்கள். அண்ணன் படகை ஓட்டுகிறவர். கரையில் இருக்கிற வேலை அத்தனையும் அக்காவுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த லேப்டாப்பை அவர்களுக்கு விற்றதே நான்தான்.

"என்னக்கா ஆச்சு?"

"நேத்து பூஜை போட்டோம் தங்கச்சி."

"பூஜை போட்டா?"

"தண்ணி தெளிச்சோம்."

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை மீன் குஞ்சு பொரிக்கும் காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்தத் தடைக்காலத்தில்தான் படகுக்கு வர்ணம் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள், கடைசியில் எல்லாச் சாமானையும் வாழை இலையில் பரப்பிப் பூஜை போட்டுவிட்டு முதல் பயணம் கிளம்புவார்கள். ஞாயிறு நள்ளிரவோடு தடை முடிகிறது. திங்கள் விடியலில் கடற்கரை முழுவதும் கிளம்பிவிடும். இவர்களும் வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து ஜி.பி.எஸ்., வயர்லெஸ், லேப்டாப் எல்லாவற்றையும் இலையில் வைத்திருக்கிறார்கள்.

"ஆஃப் பண்ணித்தானே வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"எப்படி ஆஃப் பண்றது? திரையில முருகனை வெச்சுல்ல கற்பூரம் காட்டுனோம்."

"யாரு தெளிச்சது?"

அக்கா புருஷனைப் பார்த்தார். மாரியப்பன் அண்ணன் என் கடையின் மின்விசிறியைப் பார்த்தார்.

"கொஞ்சமாத்தான் தெளிச்சேன்" என்றார்.

"கொஞ்சமா? செம்புல பாதி காலி!" என்றார் அக்கா.

சரி, போகட்டும் என்று, "நகல் எடுத்து வைக்க இன்னொரு டிரைவ் கொடுத்தேனே, அது எங்க?" என்று கேட்டேன். அக்கா பைக்குள் கைவிட்டு அதையும் எடுத்து மேசையில் வைத்தார். அதிலும் பொட்டு இருந்தது.

"அதுவும் தொழில் சாமான்தானே தங்கச்சி. அதை மட்டும் எப்படி விட்டுட்டுப் பூஜை போடுறது?"

நகலை வேறு இடத்தில் வையுங்கள், வேறு இடத்தில் வையுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தேன். ஒரே இலையில் வைத்து ஒரே செம்புத் தண்ணீரில் இரண்டையும் குளிப்பாட்டியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் அழவில்லை. அழுகையை அடக்கி வைத்திருக்கிறவர்களைத் திட்ட எனக்கு வராது.

ஏனென்றால் அந்த லேப்டாப்புக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானூற்றுப் பன்னிரண்டு இடங்கள். கடலடியில் பாறை எங்கே இருக்கிறது, மூழ்கிப்போன கப்பல் எங்கே கிடக்கிறது, எந்த மாதத்தில் எந்த இடத்தில் மீன் கூடும் என்று இருபது வருடமாக அண்ணன் தேடித் தேடிக் குறித்த இடங்கள். அவர்கள் 'பாயிண்ட்' என்பார்கள். ஒருமுறை படகு துறையில் நின்றபோது யாரோ ஜி.பி.எஸ்ஸிலிருந்து முப்பது பாயிண்டைக் களவாடிவிட்டார்கள். அதிலிருந்து படகில் எதுவும் வைப்பதில்லை. கிளம்பும்போது லேப்டாப்பிலிருந்து ஏற்றுவார்கள், திரும்பி வந்ததும் அழித்துவிடுவார்கள். லேப்டாப்பில் இருப்பதை வேறு யாரும் படிக்க முடியாதபடி முழு டிஸ்கையும் மறையாக்கம் செய்து பூட்டிக் கொடுத்ததும் நான்தான்.

"அண்ணே, உங்களுக்கு மனப்பாடமா எத்தனை தெரியும்?"

"ஒரு இருபது தெரியும்" என்றார் அண்ணன். "மீதி இல்லாம போனா நான் கடல்ல டீசல் ஊத்திட்டு வர வேண்டியதுதான்."

பிரித்துப் பார்த்தேன். மதர்போர்டு போய்விட்டது. நகல் டிரைவும் போய்விட்டது. லேப்டாப் உள்ளே இருந்த டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது, ஆனால் சுற்றும்போது ஒரு மாதிரி கரகரவென்றது. ஒரு தடவை படிக்கத் தாங்கும், இரண்டாவது தடவைக்கு நான் பொறுப்பில்லை.

"கவலைப்படாதீங்கக்கா. திறந்து, என் மெஷின்ல ஒரு காப்பி போட்டுக்கிட்டு, புது டிஸ்க்குக்கு மாத்திடுறேன்" என்றேன்.

"அது வேணாம்" என்றார் அக்கா. "திறந்தபடிக்கு எங்கயும் வைக்கக் கூடாது. ஒரு நிமிசம்கூட. உன் மெஷின்லயும் கூடாது."

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. பன்னிரண்டு வருடம் இந்தத் தெருவில் குப்பை கொட்டுகிறேன், என்னைத் திருடி என்கிறாளா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு டீ சொல்லிவிட்டு யோசித்தேன்.

எங்கள் வீட்டு வயலுக்குச் சர்வே நம்பர் உண்டு, பட்டா உண்டு, சுற்றி வரப்பு உண்டு. அந்த வாரம்கூட மேட்டூர் திறந்த செய்தி கேட்டு என் வீட்டுக்காரர் குறுவைக்கு நாற்றங்கால் தயார்செய்து கொண்டிருந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கத்தான் விதை விடுகிறோம். எவனும் வயலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கடலில் யாருக்கும் பட்டா கிடையாது. இடம் தெரிந்தவனுக்கு மீன். தெரிந்தது வெளியே கசிந்தால் மறுநாள் அங்கே இருபது படகு நிற்கும். என் கடையில் எத்தனையோ பேர் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். திறந்த காப்பி ஒன்று என் மெஷினில் கிடந்தால், அழித்தேன் என்று நான் சத்தியம் செய்தாலும், அக்கா இரவு தூங்க முடியாது. அவர் கேட்டதில் தப்பில்லை. தப்பு என் தொழிலின் சோம்பேறி வழக்கத்தில்தான்.

"சரிக்கா. பூட்டைத் திறக்காமலே மாத்துறேன்" என்றேன்.

முடியும். டிஸ்கின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை, காலியாகக் கிடக்கும் இடத்தையும் விடாமல், புரியாத குழப்பமாகவே படித்துப் புரியாத குழப்பமாகவே புது டிஸ்கில் இறக்க வேண்டும். தைத்த நெல் மூட்டையைப் பிரிக்காமல் ஒரு குடோனிலிருந்து இன்னொரு குடோனுக்கு மாற்றுவது போல. பிரித்துக் கொட்டி அள்ளினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் தரையில் சிந்தும். பிரிக்காமல் தூக்கினால் முதுகு ஒடியும், ஒரு நெல்மணி சிந்தாது.

ஆறரை மணி நேரம் ஆனது. அக்கா சாப்பிடக்கூடப் போகாமல் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டிஸ்க் கரகரவென்னும்போதெல்லாம் "முருகா" என்றார். எண்பத்திரண்டு சதவீதத்தில் ஒரு இடத்தில் முக்கிக்கொண்டு நின்றபோது நானும் "முருகா" என்றேன். நூறு வந்தபோது இரண்டு பேரும் கைதட்டினோம். ஜவுளிக்கடைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அதே கையோடு, இறக்கிய புது டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கும் ஒரு நகல் எடுத்தேன். இரண்டும் பூட்டியபடியே இருந்தன.

புது டிஸ்கை என் கடையில் இருந்த ஒரு நல்ல லேப்டாப்பில் மாட்டினேன். நான் எதிர்பார்த்தபடியே, நீலத் திரை வந்து மீட்புச் சாவியைக் கேட்டது. பழைய மதர்போர்டில் இருந்த சிப்புக்கு அந்த டிஸ்கைத் தெரியும், அதனால் தினமும் அக்காவின் பாஸ்வேர்டு போதும். இந்த லேப்டாப் அதற்குப் புது ஆள். புது ஆளிடம் நாற்பத்தெட்டு எண் உள்ள சாவியைக் கேட்காமல் திறக்காது. நெட்டில் எதுவும் போகக்கூடாது என்று அவர்கள் சொன்னதால், அந்தச் சாவியை மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தாளில் அச்செடுத்து, என்னிடம்கூட நகல் வைக்காமல், அண்ணன் கையில் கொடுத்திருந்தேன்.

"அந்தத் தாளைக் கொடுங்கண்ணே."

அண்ணன் மணிபர்ஸைத் திறந்து, ஒரு சுண்டுவிரல் அகலக் காகிதத் துண்டை எடுத்து நீட்டினார். அதில் ஆறு எண் இருந்தது.

"இது ஒரு துண்டுண்ணே. மீதி எங்க?"

"மீதியைப் பங்கு போட்டாச்சு."

"என்னது?"

"போட்டுல நாங்க எட்டுப் பேரு. அந்தத் தாள்ல ஆறு ஆறு நம்பரா எட்டுக் கட்டு இருந்துச்சு. மீனைப் பங்கு போடுற மாதிரி, ஆளுக்கு ஒண்ணுன்னு கத்தரிச்சுக் குடுத்துட்டேன். வரிசை பங்கு கூப்பிடுற வரிசை, அது எங்களுக்குத் தப்பாது."

அதற்கப்புறம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. ஒரு தாளைப் பத்திரமாக வைக்கத் துப்பில்லையா, சாவியை எவனாவது கத்தரிக்கோலால் வெட்டுவானா, உலகத்தில் வேறு எங்கேயாவது இப்படி நடக்குமா என்று கத்தித் தீர்த்தேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சாவி ஒருத்தன்கிட்ட இருந்தா அவன் மேல சந்தேகம் வரும் தங்கச்சி. எட்டுப் பேருகிட்ட இருந்தா யாரு மேலயும் வராது."

யோசித்துப் பார்த்தால் பெரிய பெரிய கம்பெனிகள் செய்கிற காரியம் அது. இவர் கத்தரிக்கோலால் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

"அப்ப எட்டுப் பேரையும் நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றேன். அப்போது அக்காவும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்ததை நான் கவனித்தேன். காரணம் மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு லோடு வண்டி வந்து நின்றது. மீன் வாசனையோடு ஏழு பேர் இறங்கினார்கள், கூடவே அக்காவும். போனில் எண்ணைச் சொல்லியிருக்கலாமே என்றால், ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். என் பங்கை நான்தான் போடுவேன் என்று எல்லாருக்கும் ஒரே பிடிவாதம்.

அந்தத் துண்டுக் காகிதத்தை மூன்று வருடம் காப்பாற்ற அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. மருதையன் என்கிறவர் காகிதத்தை நம்பாமல் முன்கையில் பச்சை குத்திக்கொண்டிருந்தார். எந்தப் பொம்பளையோட போன் நம்பர் இது, மீதி நாலு எண்ணை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அவர் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். இன்னொருவர் போனில் 'பெரியம்மா' என்று போட்டு வைத்திருந்தார். அது ஆறு எண்தான் என்று தெரியாமல் அவர் அம்மா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்து, பெரியம்மா போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாராம்.

இன்ஜின் பார்க்கிற அல்லா பிச்சை அண்ணன்தான் எல்லாரையும் மிஞ்சினார். அவர் கையில் ஒரு பலகை இருந்தது. இன்ஜின் அறைப் பலகையில் ஆணியால் கீறி வைத்திருக்கிறார். போன மாதம் அவரே அதன் மேல் நீல வர்ணம் அடித்துவிட்டார். நேற்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். பாதி எண்ணும் பாதி காயமுமாகத் தெரியவே, பலகையையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

"தங்கச்சி, உனக்கு மட்டும் காட்டுறேன்" என்று என்னை ஓரமாக அழைத்துப்போனார். "மூணாவது எழுத்து மூணா எட்டான்னு தெரியல."

அந்தச் சாவியை அப்புறம் மாற்றிவிட்டோம் என்பதால் சொல்கிறேன். அது 273058 அல்லது 278058. இந்த மீட்புச் சாவிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஆறு ஆறாக இருக்கும் ஒவ்வொரு கட்டும் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். மேசையில் கிடந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். முதலாவதில் ஐந்து மீதி வந்தது. இரண்டாவதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"எட்டுண்ணே!"

"எப்படிம்மா சொல்ற?" என்று அவர் வாயைப் பிளந்தார். நான் விளக்கவில்லை. ஒரு நாளாவது என்னை மந்திரவாதி என்று நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். முன்னால் போட்டவர் எண் பின்னால் வருகிறவர் கண்ணில் படாமல் அக்கா ஒரு அட்டையை வைத்து மறைத்துக்கொண்டார். மற்ற ஆறு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். நானும் நின்றேன். தெருவில் போகிறவர்கள், இந்தக் கடையில் என்ன தண்டனை நடக்கிறது என்று நின்று பார்த்தார்கள். ஏழு கட்டும் முடிந்தன. எட்டாவது இடம் காலியாக இருந்தது.

"எட்டாவது ஆள் யாரு?" என்றேன்.

எல்லாரும் மாரியப்பன் அண்ணனைப் பார்த்தார்கள். கடைசியில் மலர்கொடி அக்காதான் சொன்னார். அவன் பெயர் சபரிநாதன். பத்து வருடம் இவர்கள் படகில் இருந்தவன். போன தை மாதம் இவர்களுடைய நல்ல பாயிண்ட் ஒன்றின் மேல் இன்னொரு படகு வந்து நின்றிருக்கிறது. அந்தப் படகில் சபரிநாதனின் மச்சான் வேலை செய்கிறான். மாரியப்பன் அண்ணன் துறையில் இருநூறு பேர் முன்னால் "வித்துட்டியாடா?" என்று கேட்டிருக்கிறார். சபரிநாதன் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விட்டான். இப்போது வேறு ஒரு படகுக்குப் போகிறான். ஐந்து மாதமாக இரண்டு பேரும் ஒரே துறையில் எதிரும் புதிருமாக நடக்கிறார்கள், பேச்சு கிடையாது.

"போன் பண்ணிக் கேளுங்கண்ணே" என்றேன்.

"அவன் குடுக்க மாட்டான்" என்றார் அண்ணன்.

"கேட்டீங்களா?"

"கேக்காமலே தெரியும்."

மணி ஒன்றாகிவிட்டது. நாலு மணிக்கு ஐஸ் ஏற்ற வேண்டும், விடிந்தால் கிளம்ப வேண்டும். ஏழு பேரின் வீட்டில் இரண்டு மாதமாக அடுப்பு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவர்கள் நின்ற நிலையைப் பார்த்தாலே புரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மஞ்சத் தண்ணி தெளிக்கும்போது மட்டும் கை அவ்வளவு நீளமா போச்சு. போனை எடுக்க நீளாதாண்ணே?"

மருதையன் சிரித்துவிட்டார். அண்ணன் முறைத்தார். பிறகு போனை எடுத்தார். சபரிநாதன் பெயர் வரை போய் இரண்டு தடவை பின்வாங்கினார். கடலுக்கு நடுவில் புயலைப் பார்த்தவர், ஒரு போன் பண்ணப் பயந்தார்.

"டேய்... நான்தான். மயிலாடுதுறையில இருக்கோம். லேப்டாப்பு போயிருச்சு. உன் பங்கு வேணும்."

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "வெச்சுட்டான்" என்றார்.

எல்லாரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். ஜவுளிக்கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், அதை யாரும் ருசித்துக் குடிக்கவில்லை. ஐம்பது நிமிடம் போனது. அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஆள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை.

"எங்க போடணும்?" என்று என்னைக் கேட்டான்.

நாற்காலியைக் காட்டினேன். அவன் கையில் காகிதம் இல்லை, பச்சை இல்லை, பலகை இல்லை. உட்கார்ந்து, இடது கையால் மறைத்துக்கொண்டு, ஆறு எண்ணையும் நிறுத்தாமல் அடித்தான். மாரியப்பன் அண்ணன் தானாகவே எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன்.

"திறந்துடுச்சு!" என்று அக்கா போட்ட சத்தத்தில் ஜவுளிக்கடையே ஓடி வந்தது.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அல்லா பிச்சை அண்ணன் பலகையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். மருதையன் பச்சை குத்திய கைக்கு முத்தம் கொடுத்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். டிஸ்க் படத்துக்கு மேல் பூட்டு அடையாளம் அப்படியே இருந்தது. மறையாக்கம் போகவில்லை. அவர்கள் பார்க்கலாம், ஆனால் டிஸ்கைக் கழற்றி எடுத்துப் போகிறவனுக்கு ஒரு எழுத்தும் கிடைக்காது. மூட்டை பிரியாமல் வந்து சேர்ந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, கடை வைத்த பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை.

"எல்லாம் இருக்கான்னு பாருங்கக்கா. நான் பார்க்க மாட்டேன்" என்று மறுபடி சுவர்ப்பக்கம் போனேன். சுவரில் இருந்த தினசரிக் காலண்டரில் அன்றைய ராகுகாலம், எமகண்டம் எல்லாவற்றையும் படித்தேன்.

"நானூத்திப் பன்னெண்டும் இருக்கு" என்றார் அக்கா. "போட்டோவெல்லாம்கூட இருக்கு. இவரு போன்ல இருந்து மாசாமாசம் நான்தான் ஏத்தி வெப்பேன்..." அதோடு அவர் குரல் நின்றது.

"என்னங்க" என்றார். "இங்க வாங்க. இது என்ன?"

"அந்தக் கலவா மீனு. பதினெட்டுக் கிலோ. தை மாசம் பிடிச்சது" என்று அண்ணனின் பெருமையான குரல் கேட்டது.

"மீனைக் கேக்கல. உங்க தலைக்குப் பின்னாடி பாருங்க."

நான் காலண்டரைப் பார்த்தபடியே நின்றேன். ஆனால் காதை மூட முடியாதே.

"உங்க பின்னாடி ஜி.பி.எஸ். எரியுது. அந்தப் பாயிண்ட்டோட நம்பர் அத்தனையும் பளிச்சுன்னு தெரியுது. இதைத்தானே அன்னிக்கே ஸ்டேட்டஸ்ல வெச்சீங்க? இருநூத்தி நாப்பது பேரு பார்த்துட்டாங்கன்னு ராத்திரியெல்லாம் என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே!"

அதற்கு மேல் என்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. திரும்பினேன். சபரிநாதன் வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை மாட்டாமல் அப்படியே நின்றிருந்தான். மாரியப்பன் அண்ணனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் மெதுவாக வாசல் பக்கம் நடந்தார்.

"டேய் சபரி. தப்பு என் மேலடா" என்றார். "நான்தான் காட்டிக் குடுத்திருக்கேன். உன்னைப் போய்... என்னை மன்னிச்சுருடா."

ஐந்து மாதம் அடக்கி வைத்திருந்தது சபரிநாதன் கண்ணில் வந்துவிட்டது. முழங்கையால் துடைத்துக்கொண்டான்.

"இங்க ஏழெட்டுப் பேரு முன்னாடி சொல்றீங்கண்ணே. அங்க இருநூறு பேரு முன்னாடியில்ல கேட்டீங்க. என் பொண்டாட்டி மீன் ஏலத்துக்குப் போறதையே நிறுத்திட்டா."

அது நியாயம். எல்லாருக்கும் அது நியாயம் என்று தெரிந்தது. அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனை எடுத்தார்.

"இருநூறு என்னடா, முந்நூறு பேரு பார்க்கட்டும். எதுல பெருமை அடிச்சேனோ அதுலயே சொல்றேன். ஸ்டேட்டஸ் போடுறேன்" என்று வெளிச்சம் பார்த்து மேசைப் பக்கமாக நகர்ந்து, போனைத் தூக்கிப் பிடித்து, "தரங்கம்பாடி மாரியப்பன் பேசுறேன், எல்லாரும் கேளுங்க..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, மறுபடியுமா!" என்று ஒரு கத்தல் கேட்டது. சபரிநாதன் ஒற்றைச் செருப்போடு பாய்ந்து வந்து லேப்டாப் மூடியைப் படாரென்று அடித்துச் சாத்தினான். அண்ணனின் தலைக்குப் பின்னால் நானூற்றுப் பன்னிரண்டு பாயிண்டும் வரிசையாகத் திரையில் விரிந்து கிடந்ததை அவன் ஒருவன்தான் பார்த்திருந்தான்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அல்லா பிச்சை அண்ணன்தான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. மலர்கொடி அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். மாரியப்பன் அண்ணன் போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சபரிநாதனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவன் ஒரு கையை லேப்டாப் மூடியின் மேலேயே வைத்திருந்தான், எடுக்கவேயில்லை.

வீடியோவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், வெறும் சுவரைப் பின்னால் வைத்து. அண்ணன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சபரிநாதன் பக்கத்தில் நின்று, கடைசி வரைக்கும் கேமராவைப் பார்க்கவில்லை. முடித்ததும் அவன் அண்ணனைப் பார்த்து, "டீசல் எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டான்.

"எண்ணூறு லிட்டர்."

"பத்தாது. இன்னும் முந்நூறு போடச் சொல்லுங்க. நான் அந்தப் போட்டுல சொல்லிட்டு, வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு, நேரா துறைக்கு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது செருப்பைத் தேடினான்.